கரண்ட் ஒத்தடம், ஆறு முறை

எங்கள் இலாகாவின் மருத்துவ விதிகளில் குடும்பம் என்றால் யார் யார் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார்கள். மனைவி, குழந்தைகள், பெற்றோர் எல்லாரும் வந்து போன பிறகு, கடைசியில் இப்படி ஒரு வரி: "ஊழியருடன் ஒரே வீட்டில் வசித்து, முழுவதும் அவரையே சார்ந்து வாழும் விதவைச் சகோதரியும் குடும்பத்தைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார்." அதற்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "ஒருவரின் உரிமை பற்றி ஐயம் எழுந்தால் அலுவலகத் தலைவரே முடிவு செய்யலாம். முடிவாகும் வரை, தொடங்கிய சிகிச்சையை நிறுத்தலாகாது."

மூலம் ஆங்கிலம். தமிழில் சொன்னால் அதன் மிடுக்கு பாதி போய்விடுகிறது. ஆனாலும் ஒரு வார்த்தை பிசகாமல்தான் சொல்லியிருக்கிறேன். இந்த விதிகளைக் கட்டி மேய்க்கும் செக்‌ஷனில்தான் அப்போது எனக்கு வேலை. யாருக்கு மாமனார் குடும்பம், யாருக்கு மாமனார் வெறும் விருந்தாளி, பிரிந்து போன மனைவிக்குப் பல் பிடுங்கலாமா, தத்துப் பிள்ளைக்குக் கண்ணாடி உண்டா என்று திருச்சியில் இருந்த எங்கள் ஆபீசில் எல்லாரும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இப்போது எழுதும்போது அதை ஒளிப்பதில் பிரயோஜனம் இல்லை.

என் அக்கா எங்களோடுதான் இருந்தாள். ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில் ஒரு வாடகை வீடு. அவளுக்கும் எனக்கும் பதினாலு வயது வித்தியாசம். இருபது வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தாள். வந்த வருஷமே அம்மா போய்விட்டாள். ஆறு வயதுப் பையனாக இருந்த என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள். ஜீயபுரத்தில் அவள் கணவர் வழியில் கொஞ்சம் நஞ்சை நிலம் இருந்தது. வருஷா வருஷம் தை மாதத்தில் எட்டு மூட்டை நெல் வண்டியில் வந்து இறங்கும். அதை விற்றுத்தான் நான் காலேஜ் படித்தேன். எனக்கு உத்தியோகமும் கல்யாணமும் ஆன பிறகு அந்த நெல்லை விற்பதில்லை. வீட்டில் எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம். என் மூன்று குழந்தைகளும் அந்த நெல்லில் வளர்ந்தவர்கள்.

1960-ல், புரட்டாசி மாதம். கிணற்றடியில் வென்னீர்த் தவலையைத் தூக்கியவள் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கூப்பிடக்கூட இல்லை. என் மனைவி பாத்திரம் தேய்க்கப் போனபோதுதான் பார்த்தாள்.

"என்னக்கா, ஏன் இப்படி நிக்கறேள்?"

"ஒண்ணுமில்லேடி. நிமிர முடியலே. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' ஒரு மாதம் நீடித்தது. என் மனைவி மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். தவிட்டில் கொடுத்தாள், கல்லுப்பில் கொடுத்தாள். ரப்பர் வென்னீர்ப் பை ஒன்றும் வாங்கினோம். கொடுக்கும்போது இதமாக இருக்கும், எடுத்த அரைமணியில் வலி திரும்பிவிடும். "தோலோட நின்னுடறது. உள்ளே போகமாட்டேங்கறது" என்பாள் அக்கா. அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவளுக்குச் சூடு எதுவரை போகிறது என்று தெரியாதா?

எங்கள் இலாகாவுக்குத் திருச்சி ஜங்ஷனுக்குத் தெற்கே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் மட்டும். அங்கிருந்த டாக்டர் ஒருநாள் ஏதோ லீவு விஷயமாக என் மேஜைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"கூட்டிட்டு வாங்க, பார்க்கிறேன்" என்றார்.

"அவங்க பேர் இன்னும் குடும்பப் பட்டியல்லே..."

"நான் பட்டியலைக் கேக்கலை. அக்காவைக் கூட்டிட்டு வாங்கன்னேன்."

கூட்டிப் போனேன். டாக்டர் முதுகைத் தட்டி, அழுத்தி, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எனக்கு விளக்கினார். இடுப்புக்கு மேலே இருக்கும் தசைகள் வலிக்குப் பயந்து இறுகிக் கிடக்கின்றன. மணல் ஒத்தடமெல்லாம் தோலைச் சுடுமே தவிர அங்கே போய்ச் சேராது. இவர்களிடம் டயதெர்மி என்று ஒரு மிஷின் வந்திருக்கிறது. அது கொடுக்கும் சூடு ஆழமாகப் போய்த் தசையையே தளர்த்தும். தளர்ந்திருக்கும்போதே தேகப்பயிற்சி செய்தால் முதுகு நிமிரும். "பன்னெண்டு நாள். நடுவுல விடக்கூடாது. பாதியில விட்டா மறுபடி இறுகும், இறுகினது அப்படியே நின்னுடும்." இதை அவர் இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அந்த மிஷினை ஆஸ்பத்திரியில் எல்லாரும் கரண்ட் ஒத்தடம் என்றுதான் சொன்னார்கள். ஆளுயரப் பெட்டி. முன்னால் இரண்டு முள் காட்டும் வட்டங்கள். இரண்டு தடித்த வயர்களின் முனையில் ரப்பர் போர்த்திய தட்டுகள். பக்கத்தில் ஆணியே அடிக்காத மரக்கட்டில். இரும்பு இருந்தால் அதில் சூடு ஏறிவிடுமாம். மிஷினை இயக்கியவர் பாலக்கரைக்காரர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மரச் சிலுவை கட்டியிருப்பார். தொழிலுக்கு ஏற்ற சிலுவை. அவர் வாய் ஓயாது.

"அம்மா, வளையல், மூக்குத்தி, மெட்டி, ஊக்கு, உலோகம் எது இருந்தாலும் கழட்டிடுங்க. இருந்தா சுட்டுடும்."

அக்கா தன் வெறும் கைகளைப் பார்த்தாள். "கழட்டறதுக்கு ஒண்ணும் இல்லேப்பா. எல்லாம் முன்னாடியே கழட்டியாச்சு."

 அவர் டவலை மடித்து முதுகில் போட்டு, கம்பளித் துண்டை வைத்து, தட்டுகளைப் பொருத்தினார். மிஷின் உறுமியது. சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து முதுகுக்குப் பக்கத்தில் காட்டினார். அது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

"கம்பியே இல்லாம எரியறதேடா!" என்றாள் அக்கா, தலையை மட்டும் திருப்பி. வலி வந்த பிறகு அவள் ஆச்சரியப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"அதான்மா கரண்ட் உள்ள போவுதுன்னு அடையாளம். இதமா இருக்கணும். சுட்டா உடனே சொல்லிடணும்."

இருபது நிமிஷம். சுடுகிறதா என்று நாலு தரம் கேட்டார். நாலு தரமும் 'இல்லை' என்றாள். எடுத்துப் பார்த்தால் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா நீங்க! இது அடுப்பு இல்ல. பொறுத்துக்கிட்டா மெடல் எல்லாம் குடுக்க மாட்டாங்க. நாளைக்கு வாயத் திறக்கலேன்னா நான் மிஷினைப் போடமாட்டேன், ஆமா."

"சரிப்பா, கோச்சுக்காதே. நாளைக்குக் கத்தறேன்."

மறுநாள் நிஜமாகவே, சூடு ஏறியதும் "போறும்ப்பா!" என்று வார்டுக்கே கேட்கும்படி கத்தினாள். அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அப்புறம் இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் ஜங்ஷன், அங்கிருந்து குதிரை வண்டி. ஆபீசுக்கு ஒரு மணி தாமதமாக வர எழுத்து மூலம் அனுமதி வாங்கியிருந்தேன். முதல் மூன்று நாள் வண்டி குலுங்கும் போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். நாலாம் நாள் வண்டிக்காரனோடு பேச ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் ராத்திரி புரண்டு படுத்தேன் என்றாள். அது எப்படிப்பட்ட சூடு என்று என் மனைவி கேட்டதற்கு, "வயத்துக்குள்ளே யாரோ விளக்கேத்தி வெச்சா மாதிரிடி. வெளியிலே ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

ஆறாம் நாள் ஒத்தடமும் பயிற்சியும் முடிந்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வெளிவாசல் வரை கையைப் பிடிக்காமல் நடந்தாள். வேப்பமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உச்சாணிக் கிளையிலே காக்கா கூடு கட்டியிருக்கு பாரு."

நான் பார்க்கவில்லை. வண்டியைப் பிடித்து வரலாம் என்று திரும்பியபோது, கையெழுத்துப் போட மறந்தது ஞாபகம் வந்தது. உள்ளே போனேன். மேஜையில் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. எங்கே எழுத்தைப் பார்த்தாலும் படித்துவிடுவது என் தொழில் வியாதி. நோயாளியின் பெயர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர். உறவு: மனைவி. வயது: முப்பத்திரண்டு. ஆறு நாளும் அப்படியே. கீழே என் கையெழுத்து ஐந்து தடவை, படிக்காமல் போட்டது.

"இது என்னங்க?" என்றேன் மிஷின்காரரிடம்.

"என்ன சார்? டாக்டர் 'ஃபேமிலி'ன்னு சீட்டுல எழுதியிருந்தாரு. பட்டியல்ல உங்க வீட்டம்மா பேருதான் இருந்திச்சு. ஒரு கட்டம் நிரப்பணும், நிரப்பினேன். மிஷினுக்கு உறவுமுறை தெரியுமா?"

"எனக்குத் தெரியும். இது பொய் ரெக்கார்டு. அடிச்சிடுங்க."

"அடிச்சா நாளைக்கு எதை எழுதிப் போடுறதாம்?"

"நாளைக்கு வரலை. முறைப்படி அனுமதி வாங்கிக்கிட்டு வரேன்."

"சார், இன்னும் ஆறுதான் பாக்கி. முடிச்சிட்டு முறையைப் பாருங்களேன்."

"முறையில்லாம முடிக்கிறதுக்கு நான் அந்த செக்‌ஷன்ல உட்காந்திருக்கலை."

இந்த வாக்கியத்தை எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரும்பினால் அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். முழுவதும் கேட்டிருக்கிறாள்.

பொடி எழுத்துக் குறிப்பு எனக்குத் தெரியாதா? தெரியும். தொடங்கிய சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆனால் பொய்ப் பதிவில் தொடங்கியதைத் தொடங்கியதாக எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு நானே ஒரு வியாக்கியானம் செய்துகொண்டேன். இப்படி ஒரு வியாக்கியானத்தை வேறு யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால், படித்தவர் இப்படிப் பேசலாமா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது அக்கா கேட்டாள்.

"எத்தனை நாள் ஆகும்டா?"

"பதினேழு நாள்." விண்ணப்பம் என் மேஜையில் ஒரு நாள், மேலதிகாரியிடம் இரண்டு நாள், கையெழுத்து, பதிவு, ஆஸ்பத்திரிக்கு நகல். விரல் விட்டு எண்ணியே சொன்னேன்.

"சரி. உனக்குக் கெட்ட பேர் வரவேண்டாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருச்சியில் வேறொரு டாக்டரின் சொந்த நர்சிங் ஹோமிலும் அந்த மிஷின் இருந்தது. என் மனைவி விசாரித்து வந்து சொன்னாள். நான் கேட்கவில்லை. உரிமையாக வரவேண்டியதை விலைக்கு வாங்குவது எனக்குக் கேவலமாகப் பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே குடும்பப் பட்டியலில் சேர்க்கும் படிவத்தை எடுத்தேன். எட்டாவது கேள்வி: சார்ந்திருப்பவருக்கு வேறு எவ்வகையிலேனும் வருமானம் உண்டா? பேனா நின்றது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். இருபது வருஷ சர்வீஸ், எதற்கும் அசையாத மனிதர்.

"இல்லைன்னு எழுதுங்க சார். என்ன யோசனை?"

"ஜீயபுரத்திலேருந்து நெல்லு வருதுங்க."

"வந்தா சாப்பிடுங்க. அதை ஏன் படிவத்துல அவிக்கிறீங்க?"

"வருமானம்னு யாராவது சொன்னா?"

"யாருங்க சொல்லப் போறா? இந்த ஆபீசுல அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆளு நீங்கதான். உங்களுக்கு நீங்களே மொட்டைக் கடுதாசி போட்டுக்குவீங்களா?"

ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். "ஆண்டுக்கு எட்டு மூட்டை நெல்" என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. தானியமாக வருவது வருமானம் ஆகுமா, ஆகுமென்றால் அப்படிப்பட்டவர் முழுவதும் சார்ந்தவர் ஆவாரா என்று விளக்கம் கேட்டு, மூன்று பத்தியில் அழகான கடிதம் ஒன்று மெட்ராஸ் தலைமை ஆபீசுக்குத் தயார் செய்தேன். என் அதிகாரி படித்துவிட்டு, "நாமே முடிவு பண்ணிடலாமே" என்றார். பின்னால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று நான்தான் அவரைப் பயமுறுத்தினேன். கையெழுத்துப் போட்டார். என் சர்வீஸில் நான் எழுதிய நல்ல கடிதங்களில் அது ஒன்று.

பதினேழு நாள் போயிற்று. பதில் இல்லை. மார்கழி பிறந்து குளிர் வந்தது. முதுகு மறுபடி இறுகத் தொடங்கியது. டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியை அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்து பார்ப்பாள். தளர்ச்சி இல்லாமல் எங்கே முடியும்? நெற்றியெல்லாம் வேர்த்து உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"பதில் வந்துதா?"

"நினைவூட்டுக் கடிதம் அனுப்பியிருக்கேன்."

"உன் விதிப் புஸ்தகத்தை என் முதுகிலே வெச்சுக் கட்டிப் பாரேன். அதுவாவது நிமிர்த்தறதான்னு பாக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். என் மனைவி சிரிக்க மாட்டாள். "ஊருக்கெல்லாம் யாரு குடும்பம்னு சொல்றேள். ஆத்திலே இருக்கறவா யாருன்னு மெட்ராஸுக்கு எழுதிக் கேக்கறேள்" என்றாள் ஒருநாள். குழந்தைகள் எதிரில் சொன்னாள். நான் தட்டிலிருந்து எழுந்து போய்விட்டேன்.

தையில் நெல் வந்து இறங்கியது. அதே வாரத்தில் மெட்ராஸிலிருந்தும் ஒரு காகிதம் வந்தது. பதில் இல்லை, கேள்வி. நிலம் நஞ்சையா புஞ்சையா? நெல் குத்தகையாக வருகிறதா, ஜீவனாம்சமாக வருகிறதா? அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கையில் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கே அவளுக்குச் சுவர் வேண்டியிருந்தது.

"என்னதான்டா கேக்கறா?"

சொன்னேன். நெல் வருவதால் அவள் என்னையே முழுக்கச் சார்ந்தவள் ஆவாளா என்பது சந்தேகம் என்று சொன்னேன். கூடத்து மூலையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ இதுதான் குறுக்கே நிக்கறதா?"

"அப்படியில்லேக்கா. ஒரு விளக்கம் வந்துட்டா..."

"புரிஞ்சுதுடா" என்றாள்.

மாசியில் ஒருநாள் நான் ஆபீஸ் போன பிறகு, கணவரின் தம்பியான மச்சினர் வீட்டில் ஒரு விசேஷம், தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் தனியாக ஜீயபுரம் பஸ் ஏறியிருக்கிறாள். அந்த முதுகோடு. சாயங்காலம் நான் வந்தபோது கூடத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. தலைமாட்டிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதையும் சேர்த்து அனுப்பு."

நிலத்தில் தனக்கு இருந்த பாத்தியதை முழுவதையும் மச்சினர் பிள்ளைக்கு விட்டுக் கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரத்தின் நகல். கீழே அவளுடைய கையெழுத்து, கோணல் மாணலாக. உட்கார முடியாமல் நின்றுகொண்டே போட்டாளாம்.

"இனிமே நெல்லு வராது. முழுக்க உன்னைத்தான் நம்பியிருக்கேன். இப்போ சரியா இருக்குமோன்னோ?"

 இதில் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதத்தை வாங்கியதும் என் கண் முதலில் தேடியது, முத்திரைத் தாள் போதுமான மதிப்புக்கு இருக்கிறதா என்று. இருந்தது. மச்சினர் பிள்ளை அதிலெல்லாம் கெட்டிக்காரன்.

பத்திரத்தின் நகலை இணைத்து மெட்ராஸுக்கு எழுதினேன். முந்தைய கடிதம் பரிசீலனையில் இருப்பதால் அதன் பதிலை எதிர்பார்க்கவும் என்று ஒரு அச்சடித்த அட்டை வந்தது. எங்கள் செக்‌ஷனிலும் அதே அட்டை ஒரு கட்டு உண்டு. நானே நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். வாங்கிப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

வைகாசியில் டாக்டர் தன் குடும்பத்தோடு பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கம் வந்தவர், விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். அக்கா எழுந்து நின்று வரவேற்றாள். எழுந்து நின்றாள் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். இடுப்புக்கு மேலே உடம்பு முன்னால் வளைந்து, பார்வை தரையில்தான் இருந்தது. டாக்டர் அவளைப் படுக்க வைத்து வெகுநேரம் பார்த்தார். வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"நவம்பர்ல எங்கே போனீங்க?"

சொன்னேன். நெல், எட்டாவது கேள்வி, மெட்ராஸ் எல்லாம் சொன்னேன்.

"உங்ககிட்டே நான் பேப்பர் கேட்டேனா? ஆளைத்தானே கேட்டேன்." படியிறங்கி நின்று சொன்னார். "இனிமே மிஷினால ஆகறது ஒண்ணுமில்லே. இது இறுகி முடிஞ்சுபோச்சு. வலி தானாக் குறைஞ்சிடும். முதுகு இப்படியேதான் இருக்கும்."

அவர் சொன்னபடியே ஆடியில் வலி குறைந்தது. அக்கா பழையபடி எல்லா வேலையும் செய்யத் தொடங்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டே செய்தாள். வந்தவர்களின் முகம் தெரியாது, காலை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பாள். "அடடே வாங்கோ, மெட்டி புதுசா?" என்பாள். என் செருப்பு தேய்ந்தால் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். என் கடைசிப் பையன் அவளோடு பேச வேண்டுமென்றால் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பேசுவான். அவளுக்கு அது பிடிக்கும்.

கோயிலுக்கு நானே அழைத்துப் போனேன். சன்னதியில் கூட்டம் நெருக்கியது. அர்ச்சகர் தீபத்தை உயர்த்தித் திருமுகத்தைக் காட்டினார். எல்லாரும் எம்பினார்கள். நான் அக்காவின் மோவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"விடுடா. திருவடி நன்னாத் தெரியறது. முதல்லே அதைத்தானே சேவிக்கணும். எனக்கு அங்கேயே நின்னுட்டுது, அவ்வளவுதான்."

பிரகாரத்தில் வரும்போது ஒரு கம்பத்தருகே உட்கார்ந்தோம். அவள் தன் பாதங்களைப் பார்த்தபடி, "அந்தக் காக்கா குஞ்சு பொரிச்சிருக்குமோ?" என்றாள். எந்தக் காக்கா என்று கேட்க இருந்தேன். ஞாபகம் வந்துவிட்டது. நான் பார்க்காத கூடு.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். போகும்போதும் படுக்கையில் ஒருக்களித்தே இருந்தாள். கடைசியாகப் படுக்க வைத்தபோதும் உடம்பு தரையில் முழுசாகப் படியவில்லை. தோளுக்குக் கீழே தலையணை ஒன்றைக் கொடுத்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மெட்ராஸிலிருந்து பதில், அவள் இருக்கும்போதே, ஒருநாள் மத்தியானத் தபாலில் வந்தது. அரைப் பக்கம். ஊழியரின் வீட்டிலேயே உண்ணப்படும் தானியம் வருமானம் ஆகாது, இது விதியிலிருந்தே தெளிவு. சம்பந்தப்பட்டவர் சொத்தை விட்டுக் கொடுக்க அவசியம் எதுவும் இருக்கவில்லை. அலுவலகத் தலைவரே முடிவு செய்திருக்கலாம், தொடங்கிய சிகிச்சையை நிறுத்தியிருக்கக் கூடாது. இத்தகைய தேவையற்ற கடிதப் போக்குவரத்தை இனிமேல் தவிர்க்கவும். பொடி எழுத்துக் குறிப்பின் எண்ணைக்கூட மேற்கோள் காட்டியிருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் வாங்கிப் படித்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். கோப்பில் வைக்க வேண்டிய காகிதத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா கூடத்தில் முறத்தில் கடை அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தையில் வந்த மூட்டைகள் தீர்ந்து, எங்கள் வீட்டில் கடை அரிசி வாங்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான். என் கால்கள் அவள் எதிரில் வந்து நின்றன.

"வந்துட்டியா? பதில் வந்துதா?"

மிஷின் பயன்படாது என்று ஆகிவிட்டது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பாள். நிலத்தை எழுதிக் கொடுத்தது சரியாக இருந்ததா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் முகத்தை அவளால் பார்க்க முடியாது. காகிதம் பையில் இருந்தது.

"இன்னும் வரலேக்கா" என்றேன்.

"மெதுவா வரட்டும். அவாளுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்" என்று ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

அப்புறமும் சில வருஷங்கள், எப்போதாவது, கேட்டாள். ஒவ்வொரு தரமும் அதையே சொன்னேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூலையில் எங்கள் ஆபீசின் ஊதா முத்திரை, வந்து சேர்ந்த தேதியோடு: 1961 ஆகஸ்டு 22, செவ்வாய்க்கிழமை.